உள்ளங்கையில் ஒரு மோட்டார் உலகம்

ஏழாம் வகுப்பில் ஒரு நாள் பிற்பகல் விகித சமம் நடத்திக் கொண்டிருந்தோம். சாப்பாட்டுக்குப் பிறகு வரும் கணக்கு வகுப்பு எப்படி இருக்கும் என்பதை நேயர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. வகுப்பில் பாதிப் பேருடைய கண்கள் செருகிக் கொண்டிருந்தன. மூன்றாவது பெஞ்சியில் ஒரே ஒரு பையன் மாத்திரம் மிகுந்த உற்சாகத்துடன் விழித்திருந்தான். உபாத்தியாயருக்கு இதைவிடச் சந்தேகம் உண்டாக்கும் காட்சி வேறு கிடையாது. அருகில் போய்ப் பார்த்தோம். அவனுடைய நோட்டுப் புத்தகத்தின் மேல் விரல் நீளத்துக்கு ஒரு சிவப்புப் பஸ் நின்று கொண்டிருந்தது; பக்கத்தில் அடிக்கோல் கிடந்தது.

விளையாட்டுச் சாமான்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வரலாகாது என்பது விதி. விதிப்படி பஸ்ஸைப் பறிமுதல் செய்தோம். பையன் அழவில்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. மிக்க பணிவுடன் ஒரு சந்தேகம் கேட்டான்.

"ஸார், இதன் அட்டையிலே 1:64 என்று போட்டிருந்தது. அளந்து பார்த்தேன், 75 மில்லி மீட்டர் இருக்கிறது. 64-ஆல் பெருக்கினால் 4 மீட்டர் 80 சென்டிமீட்டர்தான் வருகிறது. நிஜ பஸ் 11 மீட்டராவது இருக்குமே! அப்படியானால் இந்த பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எல்லாரும் குள்ளர்களா, ஸார்?"

வகுப்பு விழித்துக் கொண்டு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை, காரணம், நமக்குப் பதில் தெரியவில்லை. "பிறகு பார்க்கலாம், உட்கார்" என்று சொல்லி, பஸ்ஸை மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினோம். ஆனால் கேள்வியைப் பூட்டி வைக்க முடியவில்லை. அதற்குப் பதில் தேடிப் புறப்பட்ட நாம், ஒரு பெரிய உலகத்துக்குள் போய் விழுந்தோம். அந்த உலகத்தில் உள்ளவை எல்லாம் மிகச் சிறியவை என்பதுதான் வேடிக்கை.

பள்ளிக்கூட விதி செய்த உபகாரம்

இங்கிலாந்தில் லெஸ்லி ஸ்மித், ராட்னி ஸ்மித் என்று இரண்டு நண்பர்கள் இருந்தார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் உறவினர் அல்லர், பள்ளித் தோழர்கள். யுத்தத்தில் கப்பற்படையில் பணியாற்றி விட்டுத் திரும்பியவர்கள், 1947-இல் தங்கள் பெயர்களில் ஆளுக்குப் பாதி எடுத்து 'லெஸ்னி' என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். லண்டனில் மூடிக் கிடந்த ஒரு மதுக்கடைக் கட்டிடந்தான் அவர்களுடைய தொழிற்சாலை. மற்றத் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய சிறு உலோகப் பாகங்களை வார்த்துக் கொடுப்பது தொழில். ஜாக் ஓடெல் என்ற கெட்டிக்காரர் ஒருவர் அவர்களுடன் வந்து சேர்ந்தார். பதின்மூன்று வயதில் பள்ளிப் படிப்பை விட்டவர் அவர். ஆனால் உலோகமும் உளியும் அவர் சொன்னபடி கேட்டன.

ஆர்டர்கள் குறைந்த சமயங்களில் சும்மா இருப்பானேன் என்று பொம்மை வண்டிகள் வார்க்கத் தொடங்கினார்கள். 1948-இல் வெளிவந்த முதல் பொம்மை, சாலை போடும் ரோடு ரோலர். 1953-இல் எலிஸபெத் ராணியின் பட்டாபிஷேகம் வந்தது. ராணி ஏறிச் செல்லும் ரதத்தை எட்டுக் குதிரைகளுடன் சிறியதாக வார்த்து விற்றார்கள். பத்து லட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. இதற்கு முந்திய பெரிய ரதத்துக்கு அச்சு வெட்டத் தொடங்கியபோது ஆறாம் ஜார்ஜ் மன்னர் உயிருடன் இருந்தார். ஆகவே உள்ளே ராஜா, ராணி இருவருமே அமர்ந்திருந்தார்கள். 1952-இல் மன்னர் காலமானதும் அச்சிலிருந்து அவரைச் செதுக்கி எடுக்க வேண்டியதாயிற்று. உடல் போயிற்று, கால்கள் மாத்திரம் போகவில்லை. ராணிக்குப் பக்கத்தில் உடம்பில்லாத இரண்டு கால்கள் இன்னும் அந்த ரதங்களில் பிரயாணம் செய்து கொண்டிருக்கின்றன.

ஆனால் கம்பெனியின் உண்மையான அதிர்ஷ்டம் பட்டாபிஷேகத்தினால் வந்ததல்ல. ஒரு பள்ளிக்கூடத்தினால் வந்தது. ஓடெலின் சிறு மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கக்கூடிய பொம்மையைத்தான் கொண்டு வரலாம் என்று ஒரு விதி இருந்தது. தகப்பனார் பார்த்தார். தமது ரோடு ரோலரையே இன்னும் சிறியதாகப் பித்தளையில் செய்து, வர்ணம் பூசி, தீப்பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பினார். மறுநாள் அந்தப் பள்ளிக் குழந்தைகள் அனைவரும் தமக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். அவ்வளவுதான். 1953-இல் 'மாட்ச்பாக்ஸ்' வரிசை பிறந்தது. முதல் எண் ரோடு ரோலர். இரண்டாவது மண் கொட்டும் லாரி. மூன்றாவது சிமெண்டு கலக்கும் யந்திரம். ஐந்தாவது லண்டன் நகரத்துச் சிவப்பு மாடி பஸ். வரிசை 75 வரையில் வளர்ந்தது. புதியது ஒன்று வந்தால் பழையது ஒன்று விலகும், எண்ணிக்கை மாறாது.

இதைப் படித்தபோது நமக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது. அந்தப் பள்ளியின் விதி, "இவ்வளவு சிறியதானால் கொண்டு வா" என்று சொல்லிற்று. ஓர் உலகத் தொழில் பிறந்தது. நம் விதியோ, "கொண்டு வராதே" என்று சொல்லிற்று. ஓர் இழுப்பறை நிரம்பிற்று.

குள்ளர் பஸ்ஸின் மர்மம்

பையனுடைய கேள்விக்குப் பதிலும் அந்தத் தீப்பெட்டிக்குள்தான் இருந்தது. பெட்டியின் அளவு ஒன்றே. அதற்குள் காரும் அடங்க வேண்டும். பஸ்ஸும் அடங்க வேண்டும். கிரேனும் அடங்க வேண்டும். ஆகையால் பெரிய வண்டியை அதிகமாகவும், சிறிய வண்டியைக் குறைவாகவும் சுருக்கினார்கள். 1960-களில் மாட்ச்பாக்ஸ் வெளியிட்ட ரூட்மாஸ்டர் பஸ்ஸின் நீளம் சுமார் 70 மில்லி மீட்டர். நிஜ பஸ் 8.38 மீட்டர். கணக்கிட்டால் ஏறக்குறைய 1:120 வரும். உண்மையாக 1:64 அளவில் செய்திருந்தால் அது 131 மில்லி மீட்டர் நீளம் இருந்திருக்கும். எந்தத் தீப்பெட்டியும் அதைத் தாங்காது! 'பெட்டி அளவு' என்றே இம்முறைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள் சேகரிப்பாளர்கள்.

உண்மையான அளவுப் பிரமாணங்களும் உண்டு. அவற்றின் பிறப்பு வேடிக்கையானது. மெக்கானோ என்னும் இரும்புத் துண்டு விளையாட்டைக் கண்டு பிடித்தவர் லிவர்பூல் நகரத்து பிராங்க் ஹார்ன்பி. பிறகு அவர் பொம்மை ரெயில்களும் செய்தார். ரெயில் இருந்தால் ஸ்டேஷன் வாசலில் மோட்டார்கள் நிற்க வேண்டாமா? 1933-இல் ஆறு வண்டிகளை வெளியிட்டார்; மறு வருஷம் அவை 'டிங்கி டாய்ஸ்' என்று பெயர் பெற்றன. அந்த ரெயிலின் அளவு, நிஜத்தில் ஓர் அடிக்குப் பொம்மையில் 7 மில்லி மீட்டர். ஓர் அடி என்பது 304.8 மில்லி மீட்டர். 7-ஆல் வகுத்துப் பாருங்கள்: 43.5 வரும். இன்றைக்கும் உலகெங்கும் மாதிரிக் கார்கள் 1:43 என்ற விசித்திரமான அளவில் விற்கப்படுவதற்கு இதுதான் காரணம். ரெயிலுக்குத் துணையாக வந்த கார், ரெயிலை மறந்த பின்பும் அதன் அளவை மறக்கவில்லை.

1:64 என்பதோ ஓர் அடியைப் பதினாறில் மூன்று அங்குலமாகச் சுருக்குவது. இந்த அளவில் ஒரு காரைச் சரியாகச் செய்தால் எவ்வளவு இருக்கும்? நம் அம்பாஸடர் காரின் நீளம் சுமார் 4.32 மீட்டர். அது 68 மில்லி மீட்டருக்குள் அடங்கிவிடும். உள்ளங்கைக்கு இதமான நீளம்! ஆகவேதான் கை விளையாட்டுக்கு இந்த அளவும், அலமாரிக்கு 1:43-ம் நிலைத்தன.

அளவில் நாணயமுள்ள கம்பெனிகளும் இல்லாமலில்லை. 1970-இல் ஜப்பானில் தோன்றிய டோமிகா கார்களும் பெட்டிக்குத் தக்கபடி சுருக்கப்பட்டவையே. ஆனால் வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தால், இது எத்தனையில் ஒரு பங்கு என்று அடித்தகட்டில் பொறித்திருக்கும். பிரெஞ்சு மாஜோரெட்டிலும் அப்படியே. பெரியதைப் பெரியது என்றும் சிறியதைச் சிறியது என்றும் ஒப்புக்கொள்ளுகிற வியாபாரியை நமக்கு எப்போதும் பிடிக்கும்.

துத்தநாகத்துக்கு வந்த நோய்

இந்தக் கார்கள் எந்த உலோகத்தால் ஆனவை? பெரும் பகுதி துத்தநாகம். நூற்றுக்கு நான்கு பங்கு அலுமினியம். சிறிது செம்பும் மக்னீஸியமும் சேரும். இந்தக் கலவை 380 டிகிரி சென்டிகிரேடுக்குச் சற்று மேலேயே உருகிவிடும். உருகிய உலோகத்தை இரண்டு எஃகு அச்சுகளுக்கு இடையே மிகுந்த அழுத்தத்துடன் செலுத்துகிறார்கள். கண் மூடித் திறப்பதற்குள் உறைந்து விடுகிறது. அச்சு பிரிகிறது, கார் வெளியே விழுகிறது. பிறகு பிசிறு நீக்கி, வர்ணம் பூசி, கண்ணாடியும் ஆசனமும் வைத்து, அடித்தகட்டைத் தறைந்து முடிப்பார்கள். கதவுப் பிடியும் விளக்கு வளையமும் தலைமயிர் போன்ற கோடுகளாக விழுகின்றன என்றால், அந்தக் கைத்திறன் அத்தனையும் அச்சு வெட்டியவனுடையது.

ஆனால் இந்த உலோகத்துக்கு ஒரு நோய் உண்டு. துத்தநாகத்தில் எள்ளளவு காரீயம் கலந்து விட்டாலும் போதும். ஈரக் காற்றில் அது உள்ளுக்குள்ளேயே அரிக்கத் தொடங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. சில வருஷங்கள், சில சமயம் பல வருஷங்கள் கழிந்து, கார் வீங்கும், வெடிக்கும், கடைசியில் பிஸ்கோத்தைப் போல் பொடிந்து விழும். யுத்தத்துக்கு முந்திய டிங்கி கார்கள் பல இப்படி மாண்டு போயின. எவ்வளவு ஜாக்கிரதையாக வைத்தாலும் பிறவியில் வந்த இந்த நோய்க்கு மருந்து கிடையாது. ஈரமும் உஷ்ணமும் இல்லாத இடத்தில் வைத்து மரணத்தைத் தள்ளிப் போடலாம், அவ்வளவே. நல்ல துத்தநாகத்தைக் கொண்டு வார்ப்பதால் இக்காலத்துக் கார்களுக்கு இந்தப் பயம் பெரும்பாலும் இல்லை.

கையால் தொடாமல், கண்ணாடிக்குள் பூட்டி, பொன்னைப் போல் காத்த கார் ஒரு நாள் பெட்டிக்குள்ளேயே தூளாகிக் கிடக்கிறது. தெருப் புழுதியில் உருண்டு, வர்ணம் போய், சக்கரம் கோணிய கார், உலோகம் சுத்தமாக இருந்தால், பேரன் காலத்திலும் உருளுகிறது. இதிலுள்ள நீதியை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதை நாமே பின்னால்தான் கற்றுக் கொண்டோம் என்பதை மாத்திரம் சொல்லி வைக்கிறோம்.

சக்கரத்தினால் வந்த யுத்தம்

1960-களின் மத்தியில் லெஸ்னி கம்பெனி வருஷத்துக்குச் சுமார் 10 கோடி வண்டிகள் செய்து கொண்டிருந்தது. போட்டிக்கு ஆளில்லாமல் இல்லை. 1956-இல் வந்த கார்கி கம்பெனி, "எங்கள் கார்களில் ஜன்னலுக்குக் கண்ணாடி உண்டு" என்று பெருமையடித்துக் கொண்டது. 1965-இல் ஜேம்ஸ் பாண்ட் சினிமாவில் வந்த ஆஸ்டன் மார்ட்டின் காரைச் செய்து, பொத்தானைத் தட்டினால் ஆசனத்தோடு ஆள் கூரையைப் பிளந்து பறக்கும்படி அமைத்தது. ஆனால் பேரிடி அமெரிக்காவிலிருந்து விழுந்தது.

1968-இல் மாட்டெல் கம்பெனி 'ஹாட் வீல்ஸ்' என்ற பதினாறு கார்களை வெளியிட்டது. அவற்றில் பலவற்றை வரைந்தவர் மெய்யான கார்க் கம்பெனியில் வேலை பார்த்திருந்த ஹாரி பிராட்லி. வர்ணம் பளபளவென்று மின்னிற்று. ஆனால் ரகசியம் வர்ணத்தில் இல்லை, சக்கரத்தில் இருந்தது. மாட்ச்பாக்ஸ் காரைத் தள்ளினால் சற்றுத் தூரம் போய் நிற்கும். இதுவோ மெல்லிய கம்பி அச்சில், வழுக்கும் சிறு பூண்களின் மேல் சுழன்றதால், ஒரு தட்டுத் தட்டினால் கூடத்தின் கோடி வரையில் ஓடிற்று. மாட்ச்பாக்ஸ் கம்பெனி 1969-இல் தன் சக்கரங்களையும் அவசர அவசரமாக மாற்றிற்று. எனினும் பழைய செல்வாக்குத் திரும்பவில்லை. 1979-இல் லிவர்பூலில் டிங்கி தொழிற்சாலை மூடப்பட்டது. 1982-இல் லெஸ்னி திவாலாயிற்று. பெயர் மாத்திரம் கை மாறி மாறிச் சென்று, 1997-இல் அந்த மாட்டெல் கம்பெனியிடமே வந்து சேர்ந்தது. சண்டை போட்ட இரண்டு பெயர்களும் இன்று ஒரே வீட்டுப் பிள்ளைகள்!

கல்கத்தாவில் மறுபிறவி

இந்தக் கதையில் நம் தேசத்துக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. வெளிநாட்டுச் சாமான்கள் இங்கே எளிதில் வர முடியாதிருந்த காலம் அது. 1960-களின் பிற்பகுதியில், டிங்கி கம்பெனி உபயோகித்து முடித்த அச்சுகள் சில கப்பலேறிக் கல்கத்தாவுக்கு வந்தன. அங்கே அவற்றிலிருந்து மறுபடியும் கார்கள் வார்த்து, 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் விற்றார்கள். தேய்ந்த அச்சு, வர்ணமும் முரடு. பார்த்தவுடன் சீமைக் காருக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியும்.

அந்த வரிசையில் ஹெரால்டு என்ற கார் ஒன்று இருந்தது. நிஜ ஹெரால்டு கார் எங்கே தயாராயிற்று தெரியுமா? சென்னைக்கு அடுத்த வண்டலூரில். 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில். பெரிய கார் வண்டலூரில்; அதன் குட்டி கல்கத்தாவில்! இங்கிலாந்தில் பிறந்த வண்டி, பெரியதும் சிறியதுமாக நம் நாட்டில் மறுபிறவி எடுத்திருந்தது. அன்று முரட்டு வேலை என்று ஒதுக்கப்பட்ட நிக்கி கார்களை இன்று ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். நம் வீட்டுப் பரண்களில் ஒன்றிரண்டு கிடந்தாலும் கிடக்கலாம். பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் ஒரு முறை கவிழ்த்துப் பாருங்கள்.

இக்காலத்துப் புது வரவுகள்

இப்போது புதிய கார்கள் எப்படி வெளிவருகின்றன என்பதைப் பார்ப்போம். ஜப்பானில் டோமிகாவுக்கு ஒரு திதி உண்டு: மாதந்தோறும் மூன்றாவது சனிக்கிழமை. அன்றைக்குப் புதியன வரும், பழையன கழியும். முதற் பதிப்புக்கு மாத்திரம் வேறு வர்ணம் கொடுப்பதும் உண்டு. ஹாட் வீல்ஸ் சமீப வருஷங்களில் வருஷத்துக்குச் சுமார் 250 எண்கள் கொண்ட பொது வரிசையை வெளியிட்டு வருகிறது. இவற்றுக்கு மேலே, மினி ஜி.டி. போன்ற புதிய கம்பெனிகள், உண்மையான 1:64 அளவில், ரப்பர் டயரும் கண்ணுக்குத் தெரியாத நுட்ப வேலையுமாக, குழந்தைக்கல்ல, குழந்தையாக இருந்தவருக்கு என்றே கார்கள் செய்கின்றன. 2021-இல் மாட்ச்பாக்ஸ் அறிவித்த டெஸ்லா மின்சாரக் கார், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு மறுபடியும் பயன்படுத்திய பொருள்களால் ஆனது. அதன் உலோகத்தில் பெரும் பகுதி உருக்கி எடுத்த பழைய துத்தநாகம்.

வாங்குபவர் ஒரு விஷயம் தெரிந்து கொள்ள வேண்டும். 'புதியது' என்று வருவதெல்லாம் புதியதல்ல. எஃகு அச்சு வெட்டுவது பெருஞ் செலவு. ஆகவே ஒரே அச்சில் வார்த்த காரை இந்த வருஷம் சிவப்பிலும், அடுத்த வருஷம் நீலத்திலும், அதற்கடுத்த வருஷம் பக்கத்தில் ஓர் எண்ணை ஒட்டியும் வெளியிடுவார்கள். ஹாட் வீல்ஸ் காரின் அடியில் ஒரு வருஷம் பொறித்திருக்கும். அது கார் தயாரான வருஷமென்று எண்ணி ஏமாறுவோர் பலர். அது அந்த உருவம் பதிவான வருஷம். கார் நேற்றுத்தான் வார்க்கப்பட்டிருக்கும். புடவை புதிது, பெண் பழையவள் என்பது போல!

இதைவிடப் பெரிய மயக்கம் ஒன்று உண்டு. 1995-இல் ஹாட் வீல்ஸ் 'புதையல் வேட்டை' என்ற பெயரில் பன்னிரண்டு கார்களை, ஒவ்வொன்றிலும் 10,000 மட்டும் செய்து, சாதாரணக் கார்களுக்கிடையே கலந்து விட்டது. அதே கொக்கியில், அதே விலையில், ஓர் அபூர்வக் கார் ஒளிந்திருக்கிறது! அதைக் கண்டு பிடிப்பவன் பாக்கியசாலி. இந்த வேட்டை இன்றும் வருஷா வருஷம் நடைபெறுகிறது. குழந்தைகளுக்காக ஆரம்பித்த ஆட்டத்தில், பெரியவர்கள் குழந்தைகளை முந்திக் கொண்டார்கள். கடை திறக்கும் நேரத்துக்கு வந்து நின்று, பெட்டி பிரித்தவுடன் நல்லவற்றைப் பொறுக்கி எடுத்து, இரட்டிப்பு விலைக்கும் நாலு மடங்கு விலைக்கும் விற்பவர்கள் உண்டாகி விட்டார்கள்.

நாம் செய்த காரியம்

அவர்களைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை உண்டா? உண்மையைச் சொல்லி விடுகிறோம். பையனுடைய கேள்விக்குப் பதில் தேடப் புகுந்த நாம், ஆறு மாதத்துக்குள் முப்பத்தேழு கார்களுக்குச் சொந்தக்காரர் ஆகி விட்டோம். ஒன்றையும் பிரிக்கவில்லை. அட்டை கசங்கினால் மதிப்புப் போய்விடும் என்று அறிந்தோர் சொன்னார்கள். ஆகவே பீரோவின் மேல் தட்டில் வரிசையாக அடுக்கி வைத்தோம். இதைச் சில நாள் பார்த்த நம் வீட்டு அம்மாள், ஒரு நாள் சொன்னாள்:

"இதென்ன, கொலுவா? கொலுவென்றால் ஒன்பது நாளில் எடுத்து வைத்து விடலாம். பார்க்க வருகிற குழந்தைகளுக்குச் சுண்டலாவது கிடைக்கும்!"

கேலியை நாம் பொருட்படுத்தவில்லை. அடுத்த சனிக்கிழமை காலையில் கடை திறக்குமுன் போய் நின்றோம். நம் வயதினர் மூன்று நான்கு பேர் பையும் கையுமாக நின்றார்கள். யாரும் யாரையும் பார்த்துக் கொள்ளவில்லை. கதவு திறந்தது. ஐந்து நிமிஷத்தில் கொக்கிகள் காலியாயின. நம் கையில் ஐந்து கார்கள். அவற்றில் இரண்டு ஒரே கார். ஒன்று வைத்துக் கொள்வதற்கு, ஒன்று பிறகு மாற்றிக் கொள்வதற்கு.

அப்போது ஒரு சிறு பெண் தகப்பனாரின் கையைப் பிடித்துக் கொண்டு அங்கே வந்தாள். காலிக் கொக்கிகளைப் பார்த்தாள். "கார் ஒண்ணுமே இல்லையேப்பா! பஸ்ஸும் குப்பை லாரியுந்தான் இருக்கு" என்றாள். "அடுத்த வாரம் பார்க்கலாம், கண்ணு" என்று தகப்பனார் அழைத்துக் கொண்டு போனார்.

ஒரே மாதிரி இரண்டு கார்கள் கையில் இருந்தனவே, ஒன்றைத் திரும்ப மாட்டியிருக்கலாமே என்று நேயர்கள் கேட்பார்கள். மாட்டவில்லை. பணம் செலுத்தி விட்டு வந்துவிட்டோம். வீட்டுக்கு வரும் வழியில்தான் அந்தச் சிவப்புப் பஸ் ஞாபகத்துக்கு வந்தது. அந்தப் பையன் பஸ்ஸை ஏன் வாங்கினான் என்பது அப்போது விளங்கிற்று. வேட்டைக்காரர்களுக்கு வேண்டாத மிச்சம் அது. அந்த மிச்சத்தை வைத்துக் கொண்டு அவன் அளந்தான், பெருக்கினான், சந்தேகம் கேட்டான். முப்பத்தேழையும் ஐந்தையும் வைத்துக் கொண்டு நாம் செய்தது எண்ணிக்கை ஒன்றுதான்.

வாங்குவோருக்கு நாலு வார்த்தை

ஆகவே அனுபவப்பட்டவர் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறோம். வண்டியின் பெயரையும் விலையையும் பார்ப்பதற்கு முன் அதன் அளவைப் பாருங்கள். ஒரே அளவு விகிதத்தில் பத்து வண்டிகள் இருந்தால் அது ஒரு தெருவாகும். பத்து அளவுகளில் நூறு இருந்தாலும் அது குவியல்தான். வரிசை முழுவதையும் பிடித்துவிட நினைக்காதீர்கள். கம்பெனி ஓடுகிற வேகத்தில் உங்கள் சம்பளம் ஓடாது. தகப்பனார் ஓட்டிய லாரி, ஊருக்கு முதன் முதல் வந்த கார், பாட்டனார் பிரயாணம் செய்த பஸ் என்று ஏதாவது ஒரு காரணம் பற்றிச் சேருங்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் ஈரம் படாத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். ஒரே மாதிரி இரண்டு வாங்காதீர்கள். அந்த இரண்டாவது, வேறொரு வீட்டுக் குழந்தையினுடையது.

கொலுவைப் பற்றி நம் வீட்டில் சொன்ன கேலியிலும் ஒரு நியாயம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்க வேண்டும் என்பது நம் வீடுகளின் பழைய வழக்கம். ஒன்று என்றால் ஒன்று. அதைத் தேர்ந்தெடுக்கக் கடை கடையாக ஏறி இறங்குவதில்தான் பாதி சந்தோஷம். எல்லாவற்றையும் வாங்கி விடுபவனுக்கு அந்தச் சந்தோஷம் கிட்டுவதில்லை.

திங்கட்கிழமை பையனைக் கூப்பிட்டு இழுப்பறையைத் திறந்தோம். பஸ்ஸை அவன் கையில் கொடுத்து, பெட்டி அளவின் ரகசியத்தையும், ஓடெலின் மகள் கதையையும் சொன்னோம். "குள்ளர்கள் யாரும் இல்லை, அட்டையில் போட்டவன்தான் கணக்கில் குள்ளன்" என்று முடித்தோம். அவனுக்கு மிகவும் திருப்தி. சனிக்கிழமை வாங்கிய இரட்டைக் கார்களில் ஒன்றையும் அவனிடம் கொடுத்தோம்.

பையன் ஒரு விநாடி கூடத் தாமதிக்கவில்லை. அட்டையைச் சரேலென்று கிழித்தான். ஆறு மாதப் பழக்கம். நமக்கு நெஞ்சில் 'திக்'கென்றது. கார் மேஜையின் மேல் இறங்கிற்று. ஒரு தட்டுத் தட்டினான். மேஜையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடி, பஸ்ஸின் மேல் மோதி நின்றது.

பையன் குனிந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். பிறகு நம்மை நிமிர்ந்து பார்த்தான்.

"ஸார், அடிக்கோல் இருக்கிறதா? பஸ்ஸைவிடக் கார் பெரிசு!"

அடிக்கோலை எடுத்துக் கொடுத்தோம்.